கரப்ட் ஆன விஎம்கோர்: ஆய்வு ஸ்க்ரிப்ட் நிற்கவேண்டுமா, தாண்டிப் போகவேண்டுமா?

பெங்களூரு பெல்லந்தூரில் எங்கள் குழு பார்ப்பது ஒரே வேலைதான். எங்கேயாவது ஒரு லினக்ஸ் சர்வர் பேனிக் ஆனால், அதாவது அதன் மையமான கெர்னல் தொடரமுடியாமல் விழுந்தால், அது விட்டுப்போகும் விஎம்கோர் ஃபைலை (அந்த நேரத்து மெமரியின் நகல், டம்ப் என்றும் சொல்வோம்) திறந்து காரணம் கண்டுபிடிக்கவேண்டும். ராத்திரி வந்து சேரும் டம்ப்களை முதலில் ஒரு ஸ்க்ரிப்ட் படித்து ரிப்போர்ட் எழுதி வைக்கும். காலை ஷிப்டுக்கு வருபவர் அதைப் பார்த்துத்தான் எந்தப் பக்கம் தோண்டுவது என்று முடிவு செய்வார். அந்த ஸ்க்ரிப்டை இப்போது புதிதாக எழுதப் போகிறோம். டம்ப்புக்குள் இருக்கும் டேட்டாவே கெட்டுப்போயிருந்தால் அது என்ன செய்யவேண்டும் என்பதில்தான் குழுவுக்குள் கருத்து வேறுபாடு. இதே முடிவை எடுக்கவேண்டிய வேறு குழுக்களுக்கும் உதவும் என்பதால், எங்கள் முன்னால் இருக்கும் வழிகளை எடைபோட்டு எழுதுகிறேன்.

என் கட்சி எது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஸ்க்ரிப்ட் நின்றுபோகக் கூடாது. அதைவிட முக்கியம், ஊகித்த ஒன்றை டம்ப்பில் இருந்த உண்மை மாதிரி அது காட்டவே கூடாது. இரண்டில் ஒன்றைத்தான் காப்பாற்றமுடியும் என்றால் இரண்டாவதைக் காப்பாற்றுவேன்.

இந்தச் சிக்கல் எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். டம்ப் எடுக்கும் வசதியான கேடம்ப் 2005-இல் லினக்ஸ் 2.6.13-இல் சேர்ந்தது. அதை எழுதியவர்களில் ஒருவரான விவேக் கோயல் அப்போது ஐபிஎம்மின் பெங்களூரு லினக்ஸ் குழுவில் இருந்தவர். இந்த ஊரில் கெர்னல் வேலை பார்க்கும் எங்களுக்கு அதில் ஒரு பெருமை உண்டு. அந்த வடிவமைப்பின் அடிப்படையே, செத்துப்போன கெர்னலை எதற்கும் நம்பாதே என்பதுதான். பேனிக் ஆனதும், முன்கூட்டியே ஒதுக்கி வைத்த மெமரியில் இருந்து இரண்டாவது கெர்னல் ஒன்று பூட் ஆகும். பழைய கெர்னலின் டிஸ்க் டிரைவரையோ நெட்வொர்க்கையோ தொடாமல், அதன் மெமரியை அப்படியே ஃபைலில் எழுதும். ஆனால் அந்த ஃபைலைப் படிக்கும் டூல்கள் என்ன செய்கின்றன? செத்த கெர்னலின் லிஸ்ட்களையும் பாயிண்டர்களையும் (இன்னோர் இடத்தின் முகவரியை வைத்திருக்கும் மதிப்புகள்) பிடித்துக்கொண்டே நடக்கின்றன. எடுக்கும்போது இருந்த சந்தேகம் படிக்கும்போது போய்விடுகிறது. மெமரி கெட்டதால் விழுந்த கெர்னல் என்றால், டூல் நடந்துபோகும் பாதையில்தான் அந்தக் கேடும் இருக்கும்.

கெட்டது என்றால் எது கெட்டது

டூல் எல்லாவற்றையும் "படிக்கமுடியவில்லை" என்ற ஒரே பிழையாகச் சொன்னாலும், உள்ளே மூன்று வேறு வேறு சங்கதிகள் இருக்கின்றன. முடிவு எடுப்பதற்கு முன் இவற்றைப் பிரித்துக்கொள்ளவேண்டும்.

முதல் வகை நிஜமான கேடு. ஃப்ரீ பண்ணிய ஆப்ஜெக்ட்டில் யாரோ எழுதிவிட்டார்கள், பஃபர் எல்லை தாண்டி எழுதிவிட்டார்கள், அல்லது மெமரி ஸ்டிக்கில் ஒரு பிட் புரண்டுவிட்டது. நாங்கள் தேடுவதே இதைத்தான். கெட்ட அந்த எட்டு பைட்தான் பல கேஸ்களில் ஒரே தடயம்.

இரண்டாவது வகை பார்க்கக் கேடு மாதிரி இருக்கும், ஆனால் கேடு அல்ல. பேனிக் ஆன சிபியு மற்ற சிபியுக்களை எல்லாம் என்எம்ஐ (தள்ளிப்போடமுடியாத குறுக்கீடு) அனுப்பி நிறுத்துகிறது. அவை எந்த வரியில் இருந்தனவோ அந்த வரியிலேயே உறைந்துவிடும். கெர்னலின் இரட்டை இணைப்பு லிஸ்ட்டில் ஒரு நோடைச் சேர்ப்பதை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு நோடும் அடுத்ததை நெக்ஸ்ட்டிலும் முந்தையதை ப்ரெவ்விலும் காட்டும். சோர்ஸில் உள்ள வரிசைப்படி நான்கு இடத்தில் எழுதவேண்டும். முதலில் அடுத்த நோடின் ப்ரெவ் புது நோடைக் காட்டும். அப்புறம் புது நோடின் நெக்ஸ்ட், அதற்குப் பின் அதன் ப்ரெவ். கடைசியாகத்தான் முந்தைய நோடின் நெக்ஸ்ட் மாறும். மூன்றாவதுக்கும் நான்காவதுக்கும் நடுவில் சிபியு உறைந்துவிட்டால், முன்பக்கமாக நடப்பவருக்கு லிஸ்ட் நன்றாகவே தெரியும், புது நோட் மட்டும் கண்ணில் படாது. பின்பக்கமாக நடப்பவருக்கு அது தெரியும். சரிபார்க்கும் டூலோ "நெக்ஸ்ட்டும் ப்ரெவ்வும் ஒத்துப்போகவில்லை, லிஸ்ட் கரப்ட்" என்று சொல்லும். யாரும் எதையும் கெடுக்கவில்லை. இதைக் கண்டுபிடிக்க வழி உண்டு. அந்த லிஸ்ட்டைக் காக்கும் பூட்டு (லாக்) பிடிக்கப்பட்டிருக்கிறதா, எந்த சிபியுவின் பேக்ட்ரேஸில் (அது எந்தெந்த ஃபங்ஷன் வழியாக வந்தது என்ற வரிசை) அந்த லிஸ்ட்டைத் தொடும் ஃபங்ஷன் இருக்கிறது என்று பார்த்தால் போதும்.

மூன்றாவது, டம்ப்பே அரைகுறை. டிஸ்க் நிறைந்துவிட்டது, நெட்வொர்க்கில் அனுப்பும்போது பாதியில் அறுந்துவிட்டது. அல்லது டம்ப்பைச் சுருக்கி எழுதும் மேக்டம்ப்ஃபைல் 31-ஆம் லெவலில் ஓடியதால் ஜீரோ பேஜ் (பேஜ் என்பது மெமரியின் ஒரு துண்டு), கேஷ் பேஜ், யூசர் பேஜ், ஃப்ரீ பேஜ் எல்லாம் வேண்டுமென்றே விடப்பட்டிருக்கின்றன. இங்கே மெமரி நன்றாகத்தான் இருந்தது, நம் கைக்கு வரவில்லை, அவ்வளவுதான்.

இந்த மூன்றையும் ஒரே மாதிரி நடத்தும் எந்த வழியும் எனக்கு ஒத்துவராது. கீழே வரும் வழிகளை நான் அளப்பது பெரும்பாலும் இந்த ஒரே அளவுகோலால்தான்.

முதல் தப்பிலேயே நிற்பது

இது பழைய வழி, நேர்மையான வழியும்கூட. டம்ப்பைத் திறந்து கமாண்ட் அடித்துப் பார்க்கும் க்ராஷ் டூலை எழுதி, ரெட் ஹேட்டில் இருந்துகொண்டு நெடுங்காலம் பராமரித்தவர் டேவ் ஆண்டர்சன். அதன் உள்ளே எல்லா வாசிப்பும் ரீட்மெம் என்ற ஒரு ஃபங்ஷன் வழியாகப் போகிறது. அழைக்கும் இடத்திலேயே, படிக்கமுடியாவிட்டால் என்ன செய்யவேண்டும் என்று ஒரு ஃப்ளாக் கொடுக்கவேண்டும். "பிழை என்றால் விழு" என்ற ஃப்ளாக் இருந்தால், அந்தக் கமாண்ட் அங்கேயே அறுந்து ப்ராம்ப்ட்டுக்கு வந்துவிடும். "பிழை என்றால் திரும்பு" என்ற ஃப்ளாக் இருந்தால், அழைத்தவர் பார்த்துக்கொள்ளவேண்டும். பல கமாண்ட்களில் முதல் வகைதான் அதிகம். நூறு ஸ்லாப் கேஷ்களை (ஒரே வகை ஆப்ஜெக்ட்களுக்குக் கெர்னல் ஒதுக்கி வைக்கும் மெமரித் தொகுப்புகள்) பட்டியலிடும்போது பதினேழாவதில் ஒரு பாயிண்டர் கெட்டிருந்தால், மீதி எண்பத்து மூன்றும் போச்சு.

எங்கள் குழுவின் மூத்தவர், திருநெல்வேலிக்காரர், இந்த வழிக்குத்தான் வாதாடுகிறார். "தம்பி, டூல் நின்னாத்தான் நான் போய்ப் பாப்பேன். அது பாட்டுக்கு ஓடிக்கிட்டே இருந்தா யாரு பாக்கப்போறா?" என்றார். "அண்ணே, ராத்திரி ரெண்டு மணிக்கு அது நின்னா யாரு பாக்கப்போறாங்க?" என்று கேட்டேன். ஆனாலும் அவர் சொல்வதில் பெரிய நியாயம் இருக்கிறது. நின்றுபோன டூல் யாரையும் ஏமாற்றவில்லை. மனிதர் எதிரில் உட்கார்ந்து ஒவ்வொரு கமாண்டாக அடிக்கும் வேலைக்கு இதுவே நல்லது. க்ராஷில் அதற்கு வேண்டிய கைப்பிடிகளும் இருக்கின்றன. ஸ்லாப் கட்டமைப்பு கெட்டுப்போய் டூல் திறக்கவே மறுத்தால், ஸ்லாப்பைத் தொடாமல் திறக்க ஓர் ஆப்ஷன் உண்டு. அதுவும் முடியாவிட்டால் மினிமல் மோட்: லாக் (கெர்னல் எழுதிய செய்திப் பதிவு), சிம்பல், மெமரி வாசிப்பு, டிஸ்அசெம்ப்ளி மாதிரி ஒருசில கமாண்ட்கள் மட்டும் வேலை செய்யும். எதுவுமே திறக்காத டம்ப்பில் அந்த லாக் ஒன்று கிடைத்தாலே பாதி வேலை முடிந்த மாதிரி.

ஆனால் தானாக ஓடும் ஸ்க்ரிப்டுக்கு இது சரிப்படாது. கெட்ட டம்ப்களில்தான் ரிப்போர்ட் அதிகம் தேவை, அவற்றில்தான் ரிப்போர்ட் வெறுமையாக வரும். க்ராஷின் சோர்ஸிலேயே ஃப்ளாக்குகளை மாற்றிக்கொண்டு போகலாமே என்ற யோசனையும் வந்தது. ஒவ்வோர் அழைப்பிலும், விழுவதற்குப் பதில் திரும்பினால் அடுத்த வரி என்ன மதிப்பை வைத்துக்கொண்டு ஓடும் என்று பார்க்கவேண்டும். சி மொழியில், பிழைக்குப் பின் நிரப்பப்படாத வேரியபிளை வைத்துக்கொண்டு தொடர்வது நிற்பதைவிட மோசம். நல்ல வேலைதான், அப்ஸ்ட்ரீமுக்கு (க்ராஷின் மூலத் திட்டத்துக்கு) ஒவ்வொரு பேட்ச்சாக அனுப்பத் தகுந்த வேலை. எங்கள் காலக்கெடுவுக்குள் முடிகிற வேலை அல்ல.

கிடைக்காத இடத்தில் ஜீரோ நிரப்புவது

டம்ப்பில் இல்லாத பேஜைப் படிக்கப் போனால் பிழை தருவதற்குப் பதில் ஜீரோக்களைக் கொடு என்று சொல்லும் ஆப்ஷன் க்ராஷில் இருக்கிறது. மேக்டம்ப்ஃபைல் விட்டுவிட்ட பேஜ்களுக்கும், அரைகுறையாக முடிந்த டம்ப்பில் விடுபட்ட பேஜ்களுக்கும் இது பொருந்தும். ஒரே ஒரு ஆப்ஷன், ஸ்க்ரிப்டில் ஒரு வரிகூட மாற்றவேண்டாம், எல்லாக் கமாண்டும் கடைசி வரை ஓடும். அதனால்தான் இதன் மேல் எல்லோருக்கும் ஆசை வருகிறது. நான் உறுதியாக எதிர்ப்பதும் இதைத்தான்.

காரணம், கெர்னலில் ஜீரோ என்பது வெறுமை அல்ல. ஜீரோவுக்கு அர்த்தம் இருக்கிறது. ஒரு டாஸ்க்கின் (ப்ராசஸ் ஒன்றுக்குக் கெர்னல் வைக்கும் பதிவு) ஸ்டேட் ஜீரோ என்றால் அது ரன்னிங். ஸ்பின்லாக் என்ற பூட்டில் ஜீரோ என்றால் யாரும் பிடிக்கவில்லை. ரெஃப்கவுண்ட் (எத்தனை பேர் உபயோகிக்கிறார்கள் என்ற எண்) ஜீரோ என்றால் கடைசி ஆளும் விட்டுவிட்டார். பாயிண்டர் ஜீரோ என்றால் பல லிஸ்ட்களில் அதோடு முடிந்தது. ஆக, டம்ப்பில் இல்லாத டாஸ்க் ஒன்று ரிப்போர்ட்டில் எப்படித் தெரியும்? பிஐடி ஜீரோ, பெயர் காலி, ஸ்டேட் ரன்னிங். சர்வர் உறைந்துபோன லாக்கப் கேஸில் "யார் ஓடிக்கொண்டிருந்தார்கள்?" என்பதே முக்கியக் கேள்வியாக இருக்கும்போது, இல்லாத ஆள் ஒருவர் ஓடிக்கொண்டிருந்ததாக ரிப்போர்ட் சாட்சி சொல்லும்.

ஸ்லப் (ஸ்லாப் கேஷ்களை நிர்வகிக்கும் அலொகேட்டர்) ஃப்ரீலிஸ்ட்டில் இது இன்னும் மோசமாகப் போகும். ஸ்லப் அலொகேட்டர், ஃப்ரீயாக இருக்கும் ஒவ்வோர் ஆப்ஜெக்ட்டுக்குள்ளேயே அடுத்த ஃப்ரீ ஆப்ஜெக்ட்டின் முகவரியை எழுதி வைக்கிறது. சாதாரணக் கெர்னலில் அது ஜீரோவாக இருந்தால், லிஸ்ட் முடிந்தது என்று பொருள். அந்தப் பேஜ் டம்ப்பில் விடுபட்டு ஜீரோ நிரம்பியிருந்தால், டூல் "ஃப்ரீலிஸ்ட் இங்கே சுத்தமாக முடிகிறது" என்று சொல்லிவிட்டுப் போய்விடும். உண்மையில் அதற்கப்புறம் எத்தனை ஆப்ஜெக்ட்கள் இருந்தனவோ, அவை எல்லாம் உபயோகத்தில் இருப்பதாக எண்ணிக்கையில் ஏறும். மெமரி லீக் தேடுபவரை நேராகத் தப்பான கேஷுக்கு அனுப்பிவிடும்.

ஃப்ரீலிஸ்ட் ஹார்டனிங் இருக்கும் கெர்னலில் கதை தலைகீழ். 4.14 பதிப்பிலிருந்து இருக்கும் இந்த வசதி, முகவரியை அப்படியே எழுதாமல், கேஷுக்கென்று இருக்கும் ஒரு ரேண்டம் எண்ணோடும் எழுதும் இடத்தின் முகவரியோடும் எக்ஸார் செய்து எழுதுகிறது. 5.7-இலிருந்து அந்த இடத்தின் முகவரியை பைட் வரிசை புரட்டிச் சேர்க்கிறார்கள். டூல் அதைத் திருப்பி எக்ஸார் செய்து படிக்கவேண்டும். ஜீரோவைத் திருப்பி எக்ஸார் செய்தால் ஜீரோ வராது, அர்த்தமில்லாத ஒரு பெரிய எண் வரும். உடனே டூல் "ஃப்ரீபாயிண்டர் கெட்டுப்போயிருக்கிறது" என்று அலறும். யாரும் கெடுக்கவில்லை, பேஜ் டம்ப்பில் இல்லை, அவ்வளவுதான். ஒரே ஆப்ஷன் ஒரு கெர்னலில் நிஜமான குறையை மறைக்கிறது, இன்னொன்றில் இல்லாத கேட்டை உண்டாக்குகிறது. மேலே சொன்ன மூன்று வகையில் மூன்றாவதை எடுத்து, நம்மைக் கேட்காமலே முதல் வகையாகவோ ஒன்றும் நடக்காத மாதிரியாகவோ மாற்றிவிடுகிறது.

ஒரு மனிதர், எந்த பேஜ் இல்லை என்று தெரிந்துகொண்டே, ஒரு கமாண்டை மட்டும் தாண்ட இதைப் போட்டால் எனக்கு ஆட்சேபம் இல்லை. தானியங்கி ஸ்க்ரிப்டில் இது வரக்கூடாது.

சொல்லிவிட்டுத் தொடர்வது

நான் ஆதரிக்கும் வழி இதுதான். பிழையை விழுங்காமல், அதையும் ஒரு கண்டுபிடிப்பாக ரிப்போர்ட்டில் எழுதிவிட்டு, கெட்டது எந்த எல்லைக்குள் இருக்கிறதோ அந்த எல்லையை மட்டும் விட்டுவிட்டு நடப்பது.

இதற்கு நாங்கள் டிராகனைப் பார்க்கிறோம். ஃபேஸ்புக்கில் ஒமர் சண்டோவால் எழுதத் தொடங்கிய டீபக்கர் அது, பைத்தானில் ஓடும். படிக்கமுடியாத முகவரியைத் தொட்டால் ஃபால்ட் எரர் என்ற எக்ஸெப்ஷன் வரும், எந்த முகவரி என்பதும் அதிலேயே இருக்கும். நிற்பதா தொடர்வதா என்பதை அழைப்பவரே முடிவு செய்யலாம். லிஸ்ட்டையும் ஆர்பி ட்ரீ என்ற மர அமைப்பையும் நடந்துகொண்டே சரிபார்க்கும் ஹெல்பர்களும் உண்டு. நெக்ஸ்ட்டும் ப்ரெவ்வும் பொருந்தாத இடத்தில் வேலிடேஷன் எரர் என்று தனியாகச் சொல்லும். க்ராஷும் இதில் சளைத்தது அல்ல. அதன் லிஸ்ட் கமாண்ட் பார்த்த முகவரியை மறுபடி பார்த்தால் டூப்ளிகேட் என்று சொல்லி நின்றுவிடும். கோடிக்கணக்கான நோட் இருந்தால் அந்த நினைவுப் பட்டியலே பெரிதாகிவிடும் என்பதால், பிரென்ட் அல்காரிதத்தில் சுழற்சி தேடும் ஆப்ஷனும் வைத்திருக்கிறார்கள்.

இங்கே ஒரு நுணுக்கம். சுழற்சியைத் தேடுவதைவிட ப்ரெவ்வைச் சரிபார்ப்பது பல நேரங்களில் மேல். ஒரு லிஸ்ட் கெட்டுப்போய் இன்னொரு லிஸ்ட்டுக்குள் புகுந்துவிட்டது என்று வையுங்கள். நம் லிஸ்ட்டின் தலைக்குத் திரும்பாமல் அடுத்த லிஸ்ட்டையே சுற்றிக்கொண்டிருப்போம். சுழற்சி தேடும் அல்காரிதம் அந்த லிஸ்ட்டை முழுதாகச் சுற்றிய பிறகுதான் பிடிக்கும். அதற்குள் அந்த லிஸ்ட்டின் ஆட்களை எல்லாம் நம் ஆட்களாக எழுதி முடித்திருப்போம். ப்ரெவ்வைப் பார்த்தால் தாண்டிய முதல் அடியிலேயே தெரிந்துவிடும். ஒரு நோடுக்கு ஒரு வாசிப்பு கூடுதல், அவ்வளவுதான் செலவு. ப்ரெவ் இல்லாத ஒற்றை இணைப்பு லிஸ்ட்களுக்கும் ஃப்ரீலிஸ்ட்டுக்கும் வேறு வழியில்லை, சுழற்சிதான் தேடவேண்டும்.

லிஸ்ட் உடைந்தால் அத்தோடு போய்விடவேண்டியதும் இல்லை. தலையிலிருந்து முன்பக்கமாக உடையும் வரை நடந்து, மறுபடி தலையிலிருந்து பின்பக்கமாக உடையும் வரை நடந்தால், கேடு எந்த இரண்டு நோடுகளுக்கு நடுவில் என்று கிடைத்துவிடும். பல நேரங்களில் இரண்டு பக்கத்து நடையும் ஒரே நோடில் வந்து முட்டும். அந்த நோடின் முகவரியைக் கையில் வைத்துக்கொண்டு காலை ஷிப்டுக்காரர் நேரே வேலையைத் தொடங்கலாம். வெறுமே நின்றுபோகும் டூலோ ஜீரோ நிரப்பும் டூலோ இதைத் தரவே முடியாது.

ஆனால் எக்ஸெப்ஷனை எங்கே பிடிப்பது என்பதில் கவனம் வேண்டும். ஒவ்வொரு ஃபீல்டுக்கும் ஒரு ட்ரை போட்டால், பாதி நிஜம் பாதி காலி என்று ஆப்ஜெக்ட்கள் வரும், அவற்றைக் கூட்டிப் போடும் எண்ணிக்கையும் தப்பாகும். முழு செக்‌ஷனுக்கும் ஒரே ட்ரை போட்டால், பழையபடி பதினேழாவது கேஷில் நின்றுவிடுவோம். கெர்னலின் கட்டமைப்பே இயற்கையான எல்லைகளைக் கொடுக்கிறது. ஹேஷ் டேபிள் என்றால் ஒரு பக்கெட், ஸ்லாப் என்றால் ஒரு ஸ்லாப், மற்றவற்றில் ஒரு சிபியு, ஒரு நியூமா நோட். ஒரு பக்கெட் கெட்டால் அடுத்த பக்கெட்டுக்கு அதனால் எந்தப் பாதிப்பும் இல்லை. பைத்தான் ஜெனரேட்டர் ஒன்று உள்ளே எக்ஸெப்ஷன் பட்டால் அதோடு செத்துவிடும், அதை மறுபடி தொடரமுடியாது. அதனால் மொத்த டேபிளையும் நடக்கும் ஒரே ஜெனரேட்டரை நம்பாமல், பக்கெட்டுக்கு ஒரு நடை என்று நாமே எழுதிக்கொள்வது நல்லது.

படிக்கமுடியாத பாயிண்டர் உண்மையில் சுலபமான எதிரி. படிக்கமுடிகிற, ஆனால் தப்பான இடத்தைக் காட்டும் பாயிண்டர்தான் ஆபத்து. எந்த எக்ஸெப்ஷனும் வராது, பொய்யான மதிப்புகள் அழகாக வரிசையில் வந்து உட்காரும். இதற்கு எனக்குப் பிடித்த சோதனை, ஸ்லாப்பைக் கேட்பது. இது ஒரு டாஸ்க் என்று ஒரு பாயிண்டர் சொல்கிறது. அந்த முகவரி எந்த ஸ்லாப் கேஷைச் சேர்ந்தது என்று டிராகனில் ஒரு ஹெல்பரைக் கேட்கலாம். க்ராஷில் கேமெம் கமாண்டுக்கு முகவரியைக் கொடுத்தால் போதும். டாஸ்க் கேஷ் என்று பதில் வந்தால் நம்பலாம். வேறு ஏதாவது கேஷ் என்றால் பாயிண்டர் பொய். இரண்டு தனித்தனிச் சாட்சிகள் ஒத்துப்போகின்றனவா என்று பார்க்கும் இந்தச் சோதனை, ஒரு வாசிப்பை மட்டும் நம்பும் எந்தச் சோதனையையும்விட உறுதியானது.

கெட்ட மதிப்பு என்னவாக இருக்கிறது என்பதையும் ரிப்போர்ட் எழுதவேண்டும். ஹெக்ஸில் 6பி என்ற பைட்டே திரும்பத் திரும்ப வந்தால், ஸ்லப் டீபக் நிரப்பி வைத்த ஃப்ரீ ஆப்ஜெக்ட்டை யாரோ படித்திருக்கிறார்கள். முகவரி "டெட்" என்ற நான்கு ஹெக்ஸ் எழுத்தில் தொடங்கி 100 என்று முடிந்தால், லிஸ்ட்டிலிருந்து ஏற்கெனவே நீக்கிய நோடின் நெக்ஸ்ட் அது. இருக்கும் முகவரிக்கும் இருக்கவேண்டிய முகவரிக்கும் ஒரே ஒரு பிட் மட்டும் வித்தியாசமாக இருந்து, அதைத் திருத்தினால் பாயிண்டர் பொருந்துகிறது என்றால், சாஃப்ட்வேரை விட்டுவிட்டு மெமரி ஸ்டிக்கின் பிழை லாகைப் பார்க்கச் சொல்லவேண்டும். வெறுமே "இன்வாலிட்" என்று எழுதும் ரிப்போர்ட் இந்த மூன்று தடயத்தையும் தூக்கி எறிகிறது.

இந்த வழியின் குறையையும் மறைக்கவில்லை. எழுத நாள் பிடிக்கும். ரிப்போர்ட் நீளும். ஒவ்வொரு பகுதிக்கும் "முழுமை", "பாதி", "ஊகம்" என்று ஒரு நிலை போட்டு எழுதவேண்டும், படிப்பவர் அந்த நிலையைப் பார்க்கப் பழகவேண்டும். எங்கள் மூத்தவரின் பயமே அதுதான்: ஓடி முடித்த ரிப்போர்ட்டை எல்லோரும் சரியான ரிப்போர்ட் என்று எடுத்துக்கொள்வார்கள். அதற்காக, பாதி அல்லது ஊகம் என்ற நிலையில் ஒரு பகுதி இருந்தாலும் ரிப்போர்ட்டின் முதல் வரியிலேயே அது வரவேண்டும் என்று வைத்திருக்கிறோம். பாதி லிஸ்ட்டின் எண்ணிக்கை ஒருபோதும் தனி எண்ணாக அச்சாகக் கூடாது. "குறைந்தது இத்தனை" என்றுதான் வரவேண்டும். இதற்கு அவரும் ஒப்புக்கொண்டார்.

லிஸ்ட்டை விட்டுவிட்டு மெமரியையே துழாவுவது

இன்னொரு வழி, எந்தப் பாயிண்டரையும் நம்பாமல் மெமரி முழுவதையும் துழாவி, டாஸ்க் மாதிரி இருப்பதை எல்லாம் பொறுக்குவது. ஸ்டாக்கின் அடியில் கெர்னல் வைக்கும் மேஜிக் எண் இருக்கிறதா, பெயர் படிக்கக்கூடிய எழுத்துகளாக இருக்கிறதா என்று பார்த்துப் பார்த்துச் சேர்க்கவேண்டும். லிஸ்ட் எவ்வளவு கெட்டாலும் இது வேலை செய்யும்.

செலவைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். 512 ஜிபி மெமரி உள்ள ஒரு சர்வரில் 4 கேபி பேஜ்கள் 13,42,17,728 இருக்கின்றன. ஒவ்வொரு பேஜுக்கும் 64 பைட் விவரம் என்றால், அந்த விவரப் பட்டியலே 8 ஜிபி. பைத்தான் லூப்பில் பதிமூன்று கோடி முறை சுற்றுவது ராத்திரி ஸ்க்ரிப்டுக்குக் கட்டுப்படியாகாது. அதோடு, துழாவினால் பேய்களும் கிடைக்கும். போன வாரம் முடிந்துபோன ப்ராசஸின் ஆப்ஜெக்ட் ஃப்ரீ ஆகியும் அழியாமல் கிடந்தால், அதுவும் உயிரோடு இருப்பதாகத் தெரியும்.

அதனால் இதை முழு வழியாக எடுக்காமல், இரண்டாவது சாட்சியாக மட்டும் வைத்துக்கொள்ளலாம் என்பது என் கருத்து. டாஸ்க் லிஸ்ட் உடைந்தால் மட்டும், டாஸ்க் கேஷின் ஸ்லாப்களுக்குள் மட்டும் துழாவவேண்டும். கிடைத்ததை லிஸ்ட்டோடு ஒப்பிட்டு, அதிகமாகக் கிடைத்ததை எல்லாம் "ஊகம்" என்று எழுதிவிடலாம். லாகுக்கும் இதே மாதிரி ஒரு பின்வழி உண்டு. 5.10-இல் பிரிண்ட்கே ரிங்பஃபரின் வடிவமே மாறியது. அதன் டிஸ்கிரிப்டர்கள் கெட்டிருந்தாலும், எழுத்துகள் கிடக்கும் பஃபரிலிருந்து படிக்கக்கூடிய வரிகளை அப்படியே எடுத்துவிடலாம். வரிசை கலைந்திருக்கும், நேரம் தெரியாது, ஆனால் பேனிக்குக்கு முந்தைய வரி பெரும்பாலும் அதில் இருக்கும்.

எடுக்கும் இடத்திலும் ஒரு வேலை

இது எங்கள் ஸ்க்ரிப்டைச் சேர்ந்தது அல்ல, ஆனாலும் சேர்த்தே முடிவு செய்யவேண்டும். மேக்டம்ப்ஃபைல் 31-ஆம் லெவலில் ஓடும்போது எதை விடலாம் என்பதை செத்த கெர்னலின் பேஜ் விவரங்களைக் கேட்டுத்தான் முடிவு செய்கிறது. அந்த விவரமே கெட்டிருந்தால் டம்ப்பே வராமல் போகலாம். லெவல் 1-க்கு அந்த நம்பிக்கை தேவையில்லை. பேஜின் உள்ளடக்கம் முழுக்க ஜீரோவா என்று பார்த்து விட்டுவிடும், அவ்வளவுதான். அதனால் 31 தோற்றால் 1-க்கு இறங்கும்படி வைக்கச் சொல்லியிருக்கிறோம். ஃபைல் மிகப் பெரிதாக வரும். இடம் இல்லாத சர்வர்களில் லாகை மட்டுமாவது எடுக்கச் சொல்லலாம்.

எது எதற்கு

ஆக, ராத்திரி ஸ்க்ரிப்ட் டிராகனில், சொல்லிவிட்டுத் தொடரும் வழியில் எழுதப்படும். துழாவல் லிஸ்ட் உடைந்தபோது மட்டும். க்ராஷ் போகாது. மனிதர் உட்கார்ந்து தோண்டும்போது அதுதான் கையில் இருக்கும், நிற்கும் குணத்தோடேயே இருக்கட்டும். ஜீரோ நிரப்பும் ஆப்ஷன் எந்த ஸ்க்ரிப்டிலும் வராது. லாக் முதலில், பேனிக் ஆன டாஸ்க்கின் பேக்ட்ரேஸ் அடுத்து, மற்றவை அப்புறம். ஒவ்வொரு பகுதியும் தனி ப்ராசஸில், நேர வரம்போடு ஓடி, முடிந்ததும் டிஸ்க்கில் எழுதிவிடும். ஸ்லாப் பகுதி ஒரு சுழற்சியில் சிக்கி நேரம் தீர்ந்தாலும் லாக் ஏற்கெனவே பத்திரமாக இருக்கும்.

உங்கள் குழுவில் வாரத்துக்கு ஒரு டம்ப்தான் வருகிறது, அனுபவசாலி ஒருவர் அதைத் திறக்கிறார் என்றால், இவ்வளவும் வேண்டாம். க்ராஷும் மினிமல் மோடும் தெரிந்திருந்தால் போதும். டம்ப் நிறைய, ஆள் குறைவு, முதலில் படிப்பவர் புதியவர் என்ற நிலையில்தான் இந்த உழைப்பு பலன் தரும்.

சோதிப்பதற்கும் டிராகனிலேயே ஒரு வசதி இருக்கிறது. நல்ல டம்ப் ஒன்றைத் திறந்து, குறிப்பிட்ட ஒரு முகவரிக்கு மட்டும் நாம் கொடுக்கும் பைட்களைக் காட்டும்படி ஒரு மெமரி செக்மென்ட்டை மேலே சேர்க்கலாம். பின்னால் சேர்த்ததுதான் செல்லும், அசல் ஃபைலில் ஒரு பைட்டும் மாறாது. ஒரு நெக்ஸ்ட் பாயிண்டரைத் திருப்பிவிட்டு, ஒரு பேஜைக் காணாமல் அடித்து, ஃப்ரீலிஸ்ட்டில் ஒரு பிட்டைப் புரட்டி, ஸ்க்ரிப்ட் என்ன சொல்கிறது என்று பார்க்கலாம். நிஜமான கேடு வேண்டுமென்றால், கெர்னலோடேயே வரும் எல்கேடிடிஎம் மாட்யூலை ஒரு விர்ச்சுவல் மெஷினில் ஏற்றி, லிஸ்ட்டைக் கெடுக்கவும் ஃப்ரீ ஆன மெமரியில் எழுதவும் சொல்லி அங்கே டம்ப் எடுக்கலாம். நாங்கள் வைத்திருக்கும் தேர்வு விதிகள் இரண்டு. எந்தக் கேட்டிலும் ஸ்க்ரிப்ட் நேர வரம்பைத் தாண்டித் தொங்கக் கூடாது. நாம் கெடுத்த இடத்தைத் தொட்ட எந்த வரியும் "முழுமை" என்ற நிலையோடு வெளியே வரக்கூடாது. முதலாவதில் தோற்றால் பேட்ச் போட்டுத் திருத்திக்கொள்ளலாம். இரண்டாவதில் ஒரு முறை தோற்றாலும் அந்தப் பகுதி திருந்தும்வரை ரிப்போர்ட்டில் சேராது என்று முடிவு செய்திருக்கிறோம்.